சலோமி சொன்ன ‘மாட்டேன்’

ஊழியத்துக்குப் புதிதாக வந்திருக்கும் தங்கச்சிகளே,

“பைபிளம்மா, சின்னப் பிள்ளைகளை வளர்க்கிற பெற்றோருக்கு எப்படி ஆலோசனை சொல்வது என்று நம் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள்” என்று போதகர் ஐயா கேட்டார். நாலு வார்த்தையோடு நிறுத்துகிற பழக்கம் எனக்குக் கிடையாது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே கேட்டிருக்கிறார். ஆகவே பழி அவர் தலையில்.

முதலில் ஒரு எச்சரிக்கை. ஒரு வீட்டுக்குப் போய்ப் பிள்ளை வளர்ப்பைப் பற்றி நீங்கள் வாயைத் திறந்ததும், அந்த வீட்டுக்காரி உங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “உங்களுக்கு எத்தினி புள்ளைங்க?” என்று கேட்பாள். உங்களில் பாதிப் பேருக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. எனக்குக் கடைசி வரை ஆகவில்லை. திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கிராமங்களில் கறுப்புக் குடையும் துணிப்பையுமாக வரப்பில் நடந்த காலமெல்லாம் இந்தக் கேள்வி என் பின்னாலேயே வந்தது. “எனக்கு ஒண்ணும் இல்லம்மா. அதனாலதான் ராத்திரி நல்லாத் தூங்கி, உன் புள்ளையப் பாக்கத் தெம்போட வந்திருக்கேன்” என்பேன். அவள் சிரித்துவிட்டால் உள்ளே போகலாம். சிரிக்காவிட்டால் ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, அடுத்த வாரம் மறுபடியும் போக வேண்டும்.

வீடு வீடாகப் போய் ஜெபிப்பது, தாய்மாரைக் கூட்டி வேதம் வாசிப்பது, ஞாயிறு பள்ளியில் பாடம் சொல்வது இதெல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். அதையே நானும் சொல்லி உங்களைத் தூங்க வைக்கப் போவதில்லை. பயிற்சியில் யாரும் சொல்லாத ஒருத்தியைப் பற்றிச் சொல்கிறேன். அப்போது அவளுக்கு ஐந்து வயது. பெயர் சலோமி. அவள் வாயிலிருந்து அதிகமாக வந்த வார்த்தை ‘மாட்டேன்’.

ஆட்சி மாறிய புதிது அது. மேடைக்கு மேடை அடுக்குமொழி, டீக்கடை பெஞ்சு முழுக்க அரசியல். சென்னையில் கோட்டைக்குள் ஆள் மாறினாலும் எங்கள் வயல்களில் கூலி நெல் அளக்கிற கை மாறவில்லை. கூலியைக் கூட்டிக் கேட்டு விவசாயத் தொழிலாளர்கள் சங்கம் கட்டியிருந்தார்கள். தெரு முனைக்கு ஒரு கொடிக்கம்பம். அந்த நாட்களில் நம் பக்கத்தில் சிந்திய கண்ணீரையும் இரத்தத்தையும் உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அதைச் சிரித்துக்கொண்டு சொல்ல என்னால் ஆகாது. சிரித்துச் சொல்ல முடிந்ததை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

சலோமியின் அப்பா தேவசகாயம் சங்கத்தில் முன்வரிசை ஆள். அம்மா ரெபேக்காள். தேவசகாயம் வீட்டுக் குடும்ப ஜெபம் எங்கள் சபையில் பேர் போனது. மழையில் ஆரம்பிப்பார். ஆறு, மதகு, கூலி, சங்கத்துத் தோழர்கள் என்று ஒவ்வொன்றாக வருவார். பிறகு பண்ணையார் மனந்திரும்ப வேண்டும் என்பார். திரும்பாவிட்டால் பண்ணையாருக்கு என்ன ஆக வேண்டும் என்பதையும் ஆண்டவருக்கு விவரமாக எடுத்துச் சொல்வார். அதற்குள் உலையில் சோறு குழைந்துவிடும் என்று ரெபேக்காள் ஒரு கண்ணை அடுப்பு மேலேயே வைத்திருப்பாள்.

ஒரு சாயங்காலம் நான் போனபோது வீட்டுக்குள் ஒரே ரகளை. சலோமி சுவர் மூலையில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். கண்ணில் நீர், ஆனால் முகவாய் மேலே. எதிரே தேவசகாயம், கையில் பூவரசங்குச்சி.

“என்னா தேவசகாயம், ஜெபமா, சண்டையா?”

“நீங்களே கேளுங்க பைபிளம்மா. கண்ண மூடுடின்னா மாட்டேங்குறா. ஆண்டவருக்கு முன்னாடியே மாட்டேங்குறா! பொட்டப்புள்ள, நாளைக்குப் போற எடத்துல இப்புடி நின்னா யாரு வச்சு வாழுவா? ஞாயித்துக்கெழம பெரசங்கத்துலதான் சொன்னாங்கல்ல, பெரம்ப எடுக்கணும்னு?”

சொன்னார்கள்தான். வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார் ஒருவர் பிரம்பைப் பற்றி வியர்க்க விறுவிறுக்கப் பேசினார். மத்தியானம் கோழிக்குழம்பு சாப்பிட்டார். மூன்று மணி பஸ்ஸில் போயே போய்விட்டார். அவர் விட்டுவிட்டுப் போன பிரம்பு இங்கே வேலை செய்துகொண்டிருந்தது. தங்கச்சிகளே, இதை ஞாபகத்தில் வையுங்கள். பேசுகிறவர்கள் பஸ் ஏறிவிடுவார்கள். மறுநாள் அந்த வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டியது நீங்கள்தான்.

எனக்குக் கோபம் சுருக்கென்று வரும். ஊழியக்காரிக்கு ஆகாத குணம் என்று எத்தனையோ பேர் சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு அது நல்லதுக்கு வந்தது.

“காலைல பண்ணை வாசல்ல நின்னு என்னா சொன்னீங்க தேவசகாயம்?”

“வேலைக்கு எறங்க மாட்டோம்னு சொன்னோம்.”

“அதுக்கு அவரு என்னா செஞ்சாரு?”

“ஆளு உட்டு மெரட்டுனாரு. கம்பக் காட்டுனானுவ.”

“பயந்து எறங்கிட்டீங்களா?”

“நாங்களாவது, எறங்கறதாவது!”

“அப்ப அங்க நீங்க சொன்னா நியாயம், இங்க உங்க மவ சொன்னா திமிரா? அங்க கம்பு வச்சிருக்கறவன் பொல்லாதவன். இங்க கம்பு வச்சிருக்கறது யாருங்க?”

கையில் இருந்த குச்சியை அவர் இப்போதுதான் பார்ப்பதுபோலப் பார்த்தார். அடுப்படியிலிருந்து களுக்கென்று ஒரு சிரிப்பு. ரெபேக்காள்தான். உடனே முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

“அது வேறங்க,” என்றார் தேவசகாயம். குரலில் பாதி வேகம் போய்விட்டது. “நாங்க காரணத்தோட சொல்றோம்.”

“இவகிட்ட காரணம் கேட்டீங்களா?”

கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, “ஏண்டி, ஏன் கண்ண மூட மாட்டேங்குற?” என்றார்.

“மூடுனா தூக்கம் வருது,” என்றாள் சலோமி. “தூங்குனா நீ அடிக்கிற.”

தேவசகாயம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சங்கத்துக்காரர் அல்லவா, நியாயமான கோரிக்கையைப் பார்த்தால் அடையாளம் தெரியும்.

அந்த நாட்களில் தாலுகா ஆபீசில் அடிக்கடி முத்தரப்புப் பேச்சுவார்த்தை நடக்கும். பண்ணையார்கள் ஒரு பக்கம், சங்கம் ஒரு பக்கம், நடுவில் அதிகாரி. அன்றைக்கு அடுப்படியில் நடந்ததும் அதுதான். சலோமி ‘மாட்டேன்’ என்று சொல்லலாம், ஆனால் ஏன் என்று சொல்லியாக வேண்டும். அப்பா காதால் கேட்க வேண்டும், கையால் அல்ல. கேட்டபிறகும் ‘இதைச் செய்துதான் ஆகணும்’ என்று அவர் சொன்னால் அவள் செய்தாக வேண்டும். வாய்க்கால், அடுப்பு, மருந்து இந்த மூன்றில் மட்டும் ‘மாட்டேன்’ செல்லாது. ஜெபம், உலை கொதிக்கிற வரைக்கும்தான். இந்தக் கடைசி ஷரத்தை நுழைத்தது ரெபேக்காள். எல்லாம் ஒத்துக்கொண்டபிறகு சலோமி குச்சியைக் காட்டி, “அது?” என்றாள். தேவசகாயம் எழுந்து போய் அதை முறித்து அடுப்பில் வைத்தார். அன்றைக்கு உலை சீக்கிரமே கொதித்துவிட்டது.

ரெபேக்காள் மட்டும் யோக்கியமா என்று கேட்டால், அவளுக்கும் ஒரு வழக்கம் உண்டு. மகள் சோற்றுக்கு அடம் பிடித்தால், “இயேசப்பா கண்ணக் குத்துவாரு” என்பாள். அடி பாவி! சிறு பிள்ளைகளை அருகில் வரவிடச் சொன்ன ஆண்டவரைக் கண்ணைக் குத்துகிறவராக்கிவிட்டாளே என்று ஒரு பாட்டம் கத்தி அதை நிறுத்தினேன். அவளோ அதற்குப் பதில், “சாப்புடு, இல்லன்னா போலீஸ்காரன்கிட்ட புடிச்சுக் குடுத்துடுவேன்” என்று ஆரம்பித்தாள். பிள்ளையை அதட்ட ஆண்டவரையும் கூப்பிடாதீர்கள், போலீசையும் கூப்பிடாதீர்கள் என்று தாய்மாரிடம் சொல்லுங்கள். அவர்கள் நிஜமாகவே வந்து நிற்கிற நாளில் பிள்ளை யாரை நம்பும்? அதையும் நிறுத்தச் சொல்லிக்கொண்டேதான் இருந்தேன். அவள் கேட்பதற்குள் போலீஸ் நிஜமாகவே வந்துவிட்டது.

அறுவடை நேரம். வேலைநிறுத்தம் உச்சத்தில். பண்ணை வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்க, களத்தில் கைகலப்பு. அதில் தேவசகாயம் பேரில் வழக்கு. திருவாரூர் கோர்ட்டில் நேராகச் சரணடைய வக்கீல் ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். ஞாயிறு கழிய வேண்டும். கோர்ட்டில் போய் நின்றால் உடம்பு தப்பும். அதற்குள் பண்ணை ஆட்கள் போலீசோடு வந்து பிடித்தால் எலும்பு தேறாது. அதுவரை அவரை எங்கே வைப்பது?

எங்கள் ஆலயத்தின் பின்பக்க அறையில் ஒரு பரண் உண்டு. கிறிஸ்துமஸ் நாடகச் சாமான் எல்லாம் அதில்தான். அறைச் சாவி என் இடுப்பில். சபைக் கமிட்டியைக் கேட்டிருக்கலாம். கமிட்டி கூடி, ஜெபித்து, காப்பி குடித்து முடிவெடுப்பதற்குள் அறுவடையே முடிந்திருக்கும். நானே கதவைத் திறந்துவிட்டேன். ஏரோது ராஜாவின் அட்டைக் கிரீடத்துக்கும் தேவதூதர்களின் இறக்கைகளுக்கும் நடுவில், மேய்ப்பருடைய கம்பளியைப் போர்த்திக்கொண்டு தேவசகாயம் படுத்திருந்தார்.

சலோமிக்குத் தெரியாமல்தான் வைத்திருந்தோம். அவளா விடுவாள்? நான் தூக்குவாளியோடு போவதை மோப்பம் பிடித்துப் பின்னாலேயே வந்து, ஏணியில் ஏறி, “அப்பா, இங்கயா இருக்க?” என்று கேட்டுவிட்டாள்.

அவளைத் தேடி ஓடி வந்த ரெபேக்காள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “எவனாச்சும் கேட்டா திருச்சிக்குப் போயிருக்காங்கன்னு சொல்லச் சொல்லட்டுமா பைபிளம்மா?”

அதில் இரண்டு சிக்கல். முதலாவது, பொய் சொல்லாதே என்று வாரா வாரம் அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிறவள் நான். இரண்டாவது, சலோமி. “திருச்சிக்குப் போயிருக்காரு” என்று சொல்லிவிட்டு, “அப்புடிச் சொல்லச் சொன்னது எங்கம்மா” என்பதையும் சேர்த்தே சொல்கிற ஜாதி அவள். ஆண்டவரே, பரணில் இருக்கிற ஒரு ஆளையும் தரையில் இருக்கிற ஒரு குழந்தையையும் ஒரே நேரத்தில் எப்படிக் காப்பாற்றுவது என்று தவித்துப்போனேன். அப்போதுதான், பிலாத்து கேள்விமேல் கேள்வி கேட்டபோது நம் ஆண்டவர் வாயைத் திறக்காமல் நின்றது ஞாபகம் வந்தது. சலோமியை மடியில் உட்கார வைத்துக்கொண்டேன்.

“அப்பா எங்கன்னு யாராச்சும் கேட்டா பொய் சொல்லக் கூடாது.”

“சரி.”

“எல்லாத்தையும் சொல்லிடணும்னும் கட்டாயம் இல்ல.”

“அப்ப என்னா சொல்றது?”

“உனக்கு ரொம்பப் பிடிச்ச வார்த்தை ஒண்ணு இருக்குல்ல?”

அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஊரே திட்டித் தீர்த்த வார்த்தையை இப்போது பைபிளம்மாவே சொல்லச் சொல்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துப் பின்னால், பூவரச மரத்தடியில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பரண் இருக்கிற அறையின் ஜன்னல் என் முதுகுக்கு நேரே. அப்போது ஏட்டு வந்தார். கூடவே பண்ணையின் காரியக்காரர். பண்ணையார் நிலத்தையும் ஆட்களையும் மேய்க்கிற மனிதர் அவர். நெற்றியில் வியர்வை, வாயில் வெற்றிலை.

காக்கியைப் பார்த்ததும் சலோமி துள்ளி எழுந்து, “நான் சாப்புட்டுட்டேன்!” என்று கத்தினாள்.

ரெபேக்காள் ஒருத்திதான் அப்படிப் பயம் காட்டி வந்தாள் என்று நினைத்திருந்தேன். எல்லா வீட்டிலும் அதே கதைதான் போலிருக்கிறது. “நானும் சாப்புட்டேன்!” “நான் ரெண்டு தட்டு!” என்று வகுப்பே எழுந்து நின்றது. ஒரு பையன் சட்டையைத் தூக்கி வயிற்றையே காட்டினான். ஏட்டு பாவம், மலங்க மலங்க விழித்தார்.

காரியக்காரர் சலோமியைச் சுட்டிக் காட்டி, “இதான் ஏட்டய்யா அவன் மவ,” என்றார்.

ஏட்டு குனிந்தார். “பாப்பா, உங்கப்பா எங்க இருக்காருன்னு தெரியுமா?”

“தெரியும்,” என்றாள் சலோமி.

ஜன்னலை மறைத்தாற்போல் நான் ஒரு அடி நகர்ந்து நின்றேன்.

“எங்க?”

“சொல்ல மாட்டேன்.”

காரியக்காரர் மடியிலிருந்து ஒரு கம்மர்கட்டை எடுத்து நீட்டினார். சலோமி இரண்டு கையாலும் வாங்கி, நான் சொல்லிக் கொடுத்தபடியே, “ஸ்தோத்திரம்” என்று சொல்லி, வாயில் போட்டுக்கொண்டாள். “இப்ப சொல்லு கண்ணு,” என்றார் அவர். ஒரு கன்னம் உப்பியிருக்க, “மாட்டேன்,” என்றாள்.

“ஏன் சொல்ல மாட்டேங்குற?” என்று கேட்டார் ஏட்டு. சும்மாதான் கேட்டார். ஆனால் ஏன் என்று கேட்டால் காரணம் சொல்லியாக வேண்டும் என்பது சலோமி வீட்டு ஒப்பந்தம்.

“சொன்னா எங்கப்பாவ நீங்க அடிப்பீங்க.”

“சேச்சே, அடிக்க மாட்டேன்.”

“அப்ப கையில எதுக்குக் குச்சி?”

ஏட்டு தன் லத்தியைப் பார்த்தார். நான் அதே பார்வையைத் தேவசகாயத்திடம் பார்த்திருக்கிறேன்.

“எங்கப்பா குச்சிய அடுப்புல வச்சுட்டாங்க,” என்றாள் சலோமி. “நீங்களும் போயி வச்சுட்டு வாங்க.”

“என்னா திமிரு பாத்தீங்களா! அப்பனாட்டமே பேசுது,” என்று காரியக்காரர் கையை ஓங்கினார். அதே நேரம் என் முதுகுக்குப் பின்னால் பரண் பலகை கிறீச்சென்று முனகியது. தேவசகாயம் குதிக்கத் தயாராகிவிட்டார். மகள்மேல் அடி விழுந்தால் கோர்ட்டாவது வக்கீலாவது, அந்த மனிதர் நேராக அவர்கள் கையில்தான் வந்து விழுவார். நான் இடையில் போய் நின்று, “பிள்ளைகளே, பாட்டு!” என்று ஒரு கத்துக் கத்தினேன். எந்தப் பாட்டு என்று சொல்லவில்லை. பிள்ளைகள் ஆளுக்கொரு பாட்டை எடுத்து, தொண்டை கிழியப் பாடினார்கள். அந்தச் சத்தத்தில் யானை பிளிறினாலும் கேட்டிருக்காது.

ஓங்கிய கையை ஏட்டு பிடித்துவிட்டார். “புள்ள மேல கைய வைக்காதீங்க. அது பொய் ஒண்ணும் சொல்லல,” என்றார். காரியக்காரரை முன்னால் நடக்கவிட்டு, என் பக்கம் திரும்பி, ஜன்னலை ஒரு பார்வை பார்த்தார். “டீச்சரம்மா, இந்தப் புள்ளயோட அப்பன் நாளைக்குக் கோர்ட்டுக்குத் தானா வந்துடுவான்ல?”

“வந்துடுவாருங்க,” என்றேன். அவர் போனதும் மரத்தடியில் உட்கார்ந்து, குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு அழுதேன். பயம் போனபிறகுதான் எனக்கு அழுகை வரும். சலோமி குடைக்குள் தலையை நுழைத்து, பாதி கரைந்த கம்மர்கட்டை வாயிலிருந்து எடுத்து நீட்டினாள். வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை, வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் தேவசகாயம் மேய்ப்பர் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு, வக்கீல் குமாஸ்தாவோடு திருவாரூர் பஸ் ஏறினார். கோர்ட்டில் சரணடைந்தார். ஜெயிலில் இருந்து, ஜாமீனில் வருவதற்குள் வயலில் அடுத்த போகமான தாளடியும் பச்சை பிடித்துவிட்டது. அடி விழவில்லை. கூலியும் கொஞ்சம் ஏறியிருந்தது, கேட்ட அளவுக்கு இல்லை என்றாலும்.

வந்த அன்று சாயங்காலம் என்னை ஜெபத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அடுப்பில் உலை. ரெபேக்காள் வழக்கம்போல ஒரு கண்ணை அங்கே வைத்திருந்தாள். சலோமி அப்பாவின் மடியில் உட்கார்ந்து, ஜெயில் தாடி குத்துகிறது என்று இரண்டு முறை முறையிட்டாள், ஆனால் இறங்கவில்லை. தேவசகாயம் ஜெபிக்க ஆரம்பித்தார். மழை வரவில்லை, மதகு வரவில்லை, பண்ணையார்கூட வரவில்லை. “ஆண்டவரே, என் புள்ள...” என்றார். அவள் தலையில் கையை வைத்தார். அதோடு “ஆமென்” என்று சொல்லி முடித்துவிட்டார். உலை இன்னும் முனகக்கூட ஆரம்பிக்கவில்லை.

சலோமி நிமிர்ந்து பார்த்தாள். “முடிஞ்சிருச்சா?”

“முடிஞ்சிருச்சு கண்ணு. எந்திரி, சாப்புடலாம்.”

“மாட்டேன். இன்னம் ஜெபம் பண்ணு.”

ரெபேக்காளும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். தேவசகாயம் ஒப்பந்தத்தை மறக்கவில்லை. “ஏம்மா?” என்று கேட்டார்.

“முடிஞ்சா நீ எந்திரிச்சுப் போயிருவ.”

அவர் மறுபடி ஆரம்பித்தார். மழை, ஆறு, மதகு, தோழர்கள், ஜெயிலில் கூட இருந்தவர்கள், அந்த ஏட்டு, ஏட்டு வீட்டுப் பிள்ளைகள், காரியக்காரர் வரை வந்துவிட்டார். சோறு குழைந்து கஞ்சியானது. ரெபேக்காள் எழுந்து போகவே இல்லை. சலோமி இரண்டு கண்ணையும் மூடி அப்பாவின் நெஞ்சில் சாய்ந்து எப்போதோ தூங்கிவிட்டிருந்தாள். யாரும் அவளை எழுப்பவில்லை.